சூடு பிடிக்கும் குப்பை

2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சி மாநகரின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டிகள் போதாமல் கடற்படை ஹெலிகாப்டர்கள் வந்து மேலிருந்து தண்ணீரைக் கொட்டின. ஒரு பக்கம் அணைத்தால் மறுபக்கம் புகைந்தது. முழுதாக அடங்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரை பள்ளிகளுக்கு விடுமுறை, ஜன்னலைத் திறக்க முடியாத வீடுகள், கண்ணெரிச்சல், இருமல். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கிலும் இதே கதைதான். 2016 ஜனவரியில் மும்பை தேவ்நார் கிடங்கிலிருந்து எழுந்த புகை செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிந்தது.

கொச்சியிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் ஆலப்புழை. சமையலில் பெரிய வித்தியாசம் கிடையாது. மிஞ்சுவதும் அதே மீன் செதில், மரவள்ளித் தோல், வாழைப்பழத் தோல், பழைய சோறுதான். ஆனால் நகரத்துக் குப்பை முழுவதையும் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே ஒரே இடத்தில் கொட்டும் வழக்கம் அங்கே 2012இல் முறிந்தது. பதிலுக்குத் தெருமுனைகளில் நாலடிக்கு நாலடி தொட்டிகள் வந்தன. அந்தத் தொட்டிகளுக்குள்ளும் சூடு உண்டு. 60, 70 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்; நடுவில் கையை விட்டால் பொள்ளிவிடும். ஆனால் தீப்பிடிப்பதில்லை. புகையும் இல்லை.

கிடங்கில் எரிந்ததும் தொட்டியில் சுடுவதும் ஒரே சோற்றின் சக்திதான். அது ஓரிடத்தில் சாதுவாகச் செலவாகிறது, இன்னோரிடத்தில் சேர்ந்துகொண்டே போய் ஊரை மிரட்டுகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், குப்பையை மட்க வைக்கச் சரியான அளவு எது என்பதும் கூடவே புரிந்துவிடும். வீடு அதற்குச் சிறியது, மாநகரம் பெரியது. தெருதான் பொருத்தம்.

அடைபட்ட சக்தி

குளுக்கோஸில் இருந்து தொடங்குவோம். 180 கிராம் குளுக்கோஸை நுண்ணுயிர்கள் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் தின்றால், அது கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. அப்போது வெளிவரும் சக்தி ஏறத்தாழ 2,800 கிலோஜூல். அதில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்ளப் பயன்படுத்துகின்றன. மீதியெல்லாம் சூடு.

அதே குளுக்கோஸ் காற்றுப் புகாத இடத்தில் மாட்டிக்கொண்டால் அங்கே வேறு வகை நுண்ணுயிர்கள் வேலைக்கு வருகின்றன. இறுதியில் கிடைப்பது மீத்தேனும் கரியமில வாயுவும். இந்த வழியில் சூடாக வெளிப்படுவது சுமார் 135 கிலோஜூல்தான். பாக்கி 2,670 கிலோஜூல், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு, மீத்தேனுக்குள் அப்படியே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. அது வெளிவர வேண்டுமென்றால் யாராவது கொளுத்த வேண்டும்.

பத்து மாடி உயரக் குப்பைமேட்டுக்குள் நடப்பது இதுதான். மேலே விழும் லோடு கீழே இருப்பதை அழுத்த, காற்று வெளியேற, சோறும் காய்கறியும் ஆண்டுக்கணக்கில் மீத்தேனை உமிழ்கின்றன. கூடவே பிளாஸ்டிக், துணி, டயர் என்று விறகும் தயார். பொறி எங்கிருந்து வந்தது என்று விசாரணைக் குழுக்கள் தேடலாம். எரிபொருளைச் சேர்த்து வைத்தது நம் சமையலறைதான். தீப்பிடிக்காவிட்டாலும் மீத்தேன் சும்மா இருப்பதில்லை. எடைக்கு எடை ஒப்பிட்டால், 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 80 மடங்கும், 100 ஆண்டுக் கணக்கில் 27 மடங்குக்கு மேலும் பூமியைச் சூடேற்றக்கூடியது அது.

தொட்டியில் நடப்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ சமையலறைக் கழிவில் முக்கால் கிலோ தண்ணீர்தான். மிச்சம் கால் கிலோ உலர்பொருளில் பாதி சிதைந்தாலே கிட்டத்தட்ட 2,000 கிலோஜூல் சூடு கிளம்பும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற 125 கிலோஜூல் போதும். அப்படியானால் மிச்சச் சூடு என்ன செய்கிறது? தண்ணீரை ஆவியாக்குகிறது. காலையில் தொட்டியைக் கிளறினால் ஆவி பறப்பதும், கழுத்துவரை நிரப்பிய தொட்டி சில வாரங்களில் பாதிக்கு இறங்கிவிடுவதும் இதனால்தான். “இவ்வளவு குப்பையும் எங்கே போச்சு?” என்று முதல் முறை பார்ப்பவர்கள் கேட்பார்கள். பெரும்பகுதி ஆவியாகவும் கரியமில வாயுவாகவும் காற்றோடு போய்விட்டது.

அண்டாவும் டம்ளரும்

மாடியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துளை போட்டு, காய்கறித் தோலை மட்க வைக்கும் வீடுகள் இன்று ஏராளம். நல்ல காரியம்தான். ஆனால் அந்த டப்பாவுக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் இருக்காது. நுண்ணுயிர்கள் சோம்பேறியாகிவிட்டன என்று அர்த்தமில்லை. அவை உண்டாக்கும் சூடு டப்பாவின் சுவர் வழியே உடனுக்குடன் ஓடிவிடுகிறது. கல்யாணப் பந்தியில் சோற்று அண்டா இரண்டு மணி நேரமானாலும் கொதிக்கக் கொதிக்க இருக்கும். டம்ளரில் ஊற்றிய காபி பேசி முடிப்பதற்குள் ஆறிவிடும். காரணம் ஒன்றே.

சூடு பிறப்பது குவியலின் கன அளவில். தப்பி ஓடுவது மேற்பரப்பு வழியே. ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டியில் 27 லிட்டர் பிடிக்கும். அதன் ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு 5,400 சதுர சென்டிமீட்டர். லிட்டருக்கு 200. இதையே நாலடிப் பெட்டியாக, அதாவது பக்கத்துக்கு 120 சென்டிமீட்டராக ஆக்கினால் 1,728 லிட்டர் பிடிக்கும், பரப்பு 86,400. லிட்டருக்கு 50தான். ஒவ்வொரு லிட்டர் குப்பைக்கும் சூடு தப்பிக்கக் கிடைக்கும் வழி நான்கில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அதனால் உள்ளே வெப்பம் ஏறுகிறது.

இந்தச் சூடு ஆடம்பரம் கிடையாது. 55 டிகிரிக்குக் குறையாமல் மூன்று நாள் தாக்குப்பிடித்தால் வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியா, குடற்புழு முட்டை, களை விதை, ஈ முட்டை எல்லாம் செத்துவிடும். சூடேறாத டப்பாவில் தக்காளி விதை தப்பிப் பிழைத்து, உரம் போட்ட தொட்டியிலெல்லாம் தக்காளி முளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தக்காளி முளைத்தால் பாதகமில்லை. மீன் கழிவையும் கெட்டுப்போன சோற்றையும் போடும் இடத்தில் கிருமியும் அதே போலத் தப்பும் என்பதுதான் சிக்கல். வீட்டு டப்பாவில் மீனும் இறைச்சியும் வேண்டாம் என்று சொல்வதும், தெருத் தொட்டியில் அவற்றை நடுவில் புதைத்துப் போடலாம் என்று சொல்வதும் இந்த வெப்பத்தை வைத்துத்தான். ஒரு வீட்டின் கழிவு ஒரு நாளைக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், நாலடிக் குவியலை ஒரு குடும்பம் தனியாக எழுப்ப ஆண்டுக்கணக்காகும். அதற்குள் அடியில் இருப்பது மட்கி ஆறிப்போயிருக்கும். நூறு வீடு சேர்ந்தால் சில வாரங்களில் முடிந்துவிடும்.

அப்படியானால் இன்னும் பெரிதாக, எட்டடி பத்தடிக்குக் கட்டினால் என்ன? அங்கே காற்று குறுக்கே வருகிறது. குவியலின் நடுவில் சூடான காற்று லேசாகி மேலே போகும்போது, பக்கவாட்டு இடுக்குகள் வழியே புதுக் காற்று உள்ளே இழுக்கப்படும். இந்த இழுவை பக்கத்துக்குச் சுமார் இரண்டடி வரை எட்டும். அதைத் தாண்டினால் நடுவில் ஆக்சிஜன் தீர்ந்து, மீத்தேன் கூட்டம் குடியேறிவிடும். சூடு தங்கப் பெரிய குவியல் வேண்டும். மூச்சு விடச் சிறிய குவியல் வேண்டும். இரண்டும் ஒத்துப்போவது நாலடியில். இதைவிடப் பெரிதாகக் குவிக்க ஆசைப்பட்டால் புரட்டிப் போட ஆளோ இயந்திரமோ வேண்டும். கவனிக்காமல் விட்ட பல மீட்டர் உயர உரக் குவியல்கள் தாமாகவே பற்றிக்கொண்டதும் உண்டு.

ஆல்பர்ட் ஹோவர்டு முதல் தும்பூர்முழி வரை

எருக்குழி நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. மாட்டுச் சாணம், கூளம், சாம்பல் எல்லாம் ஒரு குழிக்குள் போய், கோடையில் வண்டியேறி வயலுக்குப் போகும். பச்சைச் சாணத்தை அப்படியே போட்டால் பயிர் வெந்துவிடும் என்பதும், மக்கிய எருதான் வேண்டும் என்பதும் உழவருக்குத் தெரிந்த விஷயம். ஆனால் எந்தப் பொருளை எவ்வளவு, எந்த ஈரத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று அளந்து எழுதிய முதல் பெரிய முயற்சி இந்தூரில் நடந்தது. 1924 முதல் 1931 வரை அங்கிருந்த தாவர ஆய்வு நிலையத்தை நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டும் அவருடைய சக ஆய்வாளர் யஷ்வந்த் வாடும் 1931இல் தங்கள் முறையை நூலாக வெளியிட்டார்கள். சீன உழவர்களின் பழக்கத்திலிருந்தும் இந்திய உழவர்களிடமிருந்தும் கற்றுக்கொண்டதை ஹோவர்டு மறைக்கவில்லை. மூன்று முறை புரட்டி, மூன்று மாதத்தில் எருவாக்கும் அந்த வழிக்கு ‘இந்தூர் முறை’ என்றே உலகெங்கும் பெயர் விழுந்தது. கோடையில் குழி, மழைக்காலத்தில் தரைக்கு மேல் குவியல் என்ற யோசனையும் அதில் இருந்தது.

ஆலப்புழையில் குழி தோண்டவே முடியாது. கடலுக்கும் காயலுக்கும் நடுவே கால்வாய்கள் ஓடும் ஊர் அது. இரண்டடி தோண்டினால் தண்ணீர் ஊறும். அங்கே கைகொடுத்தது கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தும்பூர்முழிப் பண்ணையில் உருவான தொட்டி. திருச்சூர் மாவட்டத்தில் உள்ள அந்தப் பண்ணையில் பேராசிரியர் பிரான்சிஸ் சேவியரும் குழுவினரும் வடிவமைத்தது. நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரம். சுவரில் இடைவெளி விட்டுச் சட்டங்கள். அடியில் அரையடிக்குப் பசுஞ்சாணம், மேலே அரையடி சருகு, அதன் மேல் அரையடி கழிவு; மறுபடி சாணம், சருகு, கழிவு. இப்படி மேல்வரை அடுக்க வேண்டியதுதான். புரட்டுவது கிடையாது. சுவர் இடுக்கு வழியே காற்று தானாக ஏறி இறங்கும். நிரம்பிய பிறகு 90 நாள் விட்டுவிட்டால் எரு.

புரட்ட வேண்டாம் என்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். உள்ளே 70 டிகிரியில் புழுங்கும் ஒரு டன் குப்பையை மண்வெட்டியால் கிளறிப் போடும் வேலையை யார் செய்வார்கள் என்று யோசித்தால் அதன் அருமை தெரியும்.

யார் யார் உள்ளே?

முதல் ஓரிரு நாளில் வேலை செய்பவை நமக்குப் பழக்கமான வெப்பத்தில் வாழும் பாக்டீரியாக்கள். சர்க்கரை, மாவுச்சத்து என்று எளிதில் கரைவதைத் தின்று பெருகுகின்றன. அவை உண்டாக்கும் சூடே அவற்றுக்கு எமனாகிறது. 45 டிகிரியைத் தாண்டியதும் அவை ஒடுங்கி, வெப்பத்தை விரும்பும் கூட்டம் எழுகிறது. பாசில்லஸ் இனத்தவை இதில் முக்கியமானவை. புரதமும் கொழுப்பும் இப்போது உடைகின்றன. 70ஐத் தாண்டினால் இவையும் தாக்குப்பிடிக்காமல் வேலை நின்றுபோகும். ஆகவே குவியல் தன்னைத்தானே ஓர் எல்லைக்குள் வைத்துக்கொள்கிறது.

இரண்டு மூன்று வாரங்களில் எளிய தீனி தீர்ந்து சூடு தணியத் தொடங்கும். அப்போது பூஞ்சைகளும் ஆக்டினோபாக்டீரியாக்களும் ஓரங்களிலிருந்து உள்ளே நகர்ந்து வருகின்றன. சருகின் மேல் சாம்பல் பூசினாற்போல் வெள்ளை வெள்ளையாகத் தெரிவது இவைதான். பூசணம் பிடித்துவிட்டதென்று பதறி அள்ளிக் கொட்ட வேண்டாம். காம்பு, நரம்பு, நார் ஆகியவற்றில் உள்ள செல்லுலோஸையும் லிக்னினையும் உடைப்பதில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். முதிர்ந்த எருவை முகர்ந்தால் வரும் மழைமண் வாசனையும் ஆக்டினோபாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற சேர்மத்தின் வாசனையே. நாற்றம் போய் இந்த வாசனை வந்துவிட்டால் எரு முடியும் தறுவாயில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வெப்பம் தாங்கும் பூஞ்சைகளில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற ஒன்றும் உண்டு. காய்ந்த எருவைச் சலிக்கும்போது அதன் வித்துகள் தூசியோடு பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வேலைக்குப் போகாமல் இருப்பதும், மற்றவர்கள் முகக்கவசம் கட்டிக்கொண்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துச் சலிப்பதும் நல்லது.

சருகுதான் சூட்சுமம்

நுண்ணுயிரின் உடம்பில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எட்டுப் பங்கு கார்பன் இருக்கும். ஆனால் தின்னும் கார்பனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக வெளியே விட்டுவிடும். ஆகவே எட்டு வேண்டுமென்றால் குறைந்தது இருபத்து நாலு தின்ன வேண்டும். கார்பனும் நைட்ரஜனும் 25க்கு ஒன்று முதல் 30க்கு ஒன்று வரை இருந்தால் குப்பை நன்றாக மட்கும் என்ற சூத்திரம் இப்படிப் பிறந்ததுதான். சமையலறைக் கழிவில் இந்த விகிதம் 15, 20 என்று தாழ்ந்தே இருக்கும். காய்ந்த இலையில் 50க்கு மேல். மரத்தூளில் நூற்றுக்கணக்கில் போகும்.

கழிவை மட்டும் கொட்டினால் நைட்ரஜன் மிஞ்சிவிடும். மிஞ்சியது அம்மோனியாவாகக் கிளம்பி மூக்கைத் துளைக்கும். ஈரமும் அதிகம், ஈரம் இடுக்குகளை அடைத்துக் காற்றை நிறுத்தும், காற்று நின்றால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு. மூக்கை நம்பினால் ஆய்வுக்கூடம் தேவையில்லை. அம்மோனியா நெடி அடித்தால் சருகு போதவில்லை. முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே: இன்னும் ஒரு கூடைச் சருகு. கார்பனைத் தருவதும், ஈரத்தை உறிஞ்சுவதும், காற்றுக்கு வழி விடுவதும் அதுதான்.

ஈரத்துக்கும் கைவசம் ஒரு சோதனை உண்டு. நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு எட்டிப் பார்த்தால் சரி. ஒழுகினால் அதிகம். கையை விரித்ததும் பொலபொலவென உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

நகரத்தில் சருகுக்குப் பஞ்சமே கிடையாது. மாசி, பங்குனியில் தூங்குமூஞ்சியும் வேம்பும் புங்கனும் தெரு முழுக்க உதிர்க்கின்றன. அதைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவதே பல ஊர்களில் வழக்கம். ஐப்பசியில் அடைமழை பிடித்து, வாளியில் வரும் கழிவெல்லாம் சொதசொதவென்று இருக்கும்போது ஒரு பிடிச் சருகு கிடைக்காது. தெருவில் உரத்தொட்டி வைக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பங்குனிச் சருகைச் சாக்கில் அமுக்கி, நனையாத ஓரிடத்தில் அடுக்கி வைப்பது. தொட்டிக்கு மேல் கூரை போடுவது அடுத்தது. நனையாத சருகு கையிருப்பில் இல்லாமல் மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம். தென்னை நார்க்கழிவு விலைக்குக் கிடைக்கும் ஊர்களில் அது அவசரத்துக்கு உதவும்.

புழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொட்டியைத் திறந்ததும் பழுப்பு நிறத்தில், விரல் நகத்தைவிடச் சற்று நீளமாக, தட்டையாக நெளியும் புழுக்களைக் கண்டு பலர் திட்டத்தையே கைவிட்டிருக்கிறார்கள். அவை பிளாக் சோல்ஜர் ஈயின் புழுக்கள். வீட்டு ஈயோடு இதைக் குழப்பக் கூடாது. வளர்ந்த ஈ கடிப்பதில்லை. நம் தட்டைத் தேடி வருவதும் இல்லை. சில நாட்களே வாழும் அது முட்டையிடுவதில் மும்முரமாக இருக்கும். புழுக்களோ ஈரக்கழிவை அசுரப் பசியோடு தின்று அளவைக் குறைக்கின்றன. இவை பெருகியிருந்தால் ஈரம் கூடியிருக்கிறது என்று பொருள். வேண்டாம் என்பவர்கள் சருகைச் சேர்த்தால் போதும். குவியல் சூடேறினால் தாமாக ஒதுங்கிவிடும்.

மறுத்த ஊர், மாறிய ஊர்

ஆலப்புழை விருப்பப்பட்டு மாறவில்லை. நகரத்துக் குப்பை பல ஆண்டுகளாகப் பக்கத்துப் பஞ்சாயத்தான மாராரிக்குளம் தெற்கில் உள்ள சர்வோதயபுரத்துக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் நாற்றத்தையும் கெட்டுப்போன தண்ணீரையும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, 2012இல் லாரிகளை மறித்துவிட்டார்கள். நகரம் நாறத் தொடங்கியது. கால்வாய்களிலும் சாலையோரங்களிலும் மூட்டை மூட்டையாகக் குப்பை. சுற்றுலாவை நம்பும் ஊருக்கு இது பிழைப்புப் பிரச்சினை.

அந்த ஆண்டின் இறுதியில் ‘நிர்மல பவனம் நிர்மல நகரம்’ என்ற திட்டம் தொடங்கியது. அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த டி.எம். தாமஸ் ஐசக் அதை முன்னின்று நடத்தினார். இடம் உள்ள வீடுகளுக்கு மானியத்தில் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும், குழாய் உரக் கலங்களும். இடமில்லாதவர்களுக்குத் தெருத் தொட்டி. தொட்டிகளுக்கு இடம் தேடியபோது, ஏற்கெனவே ஊரார் குப்பை கொட்டிக்கொண்டிருந்த முனைகளே பொருத்தமாகப் பட்டன. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு திடக்கழிவைச் சிறப்பாகக் கையாளும் ஐந்து நகரங்களைச் சுட்டிக்காட்டியபோது ஒசாகா, லுப்லியானா, பினாங்கு, கொலம்பியாவின் கஹிகா ஆகியவற்றோடு ஆலப்புழையும் இடம்பெற்றது.

தமிழ்நாட்டிலும் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் வார்டு வாரியாக நுண் உர மையங்களைக் கட்டியிருக்கின்றன. மையம் வருகிறது என்றாலே அக்கம்பக்கத்தார் எதிர்ப்பதும் பல ஊர்களில் நடந்தது. நாற்றம் வரும் என்ற பயம் வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாது. சருகு இல்லாமல், கூரை ஒழுகி, கலந்த குப்பை வந்து இறங்கும் மையம் நாறத்தான் செய்யும். நாற்றம் தொழில்நுட்பத்தின் இயல்பு கிடையாது, நிர்வாகத்தின் பிழை என்பதை ஊராருக்கு வாயால் சொல்லிப் புரிய வைக்க முடியாது. நாறாமல் நடத்திக் காட்ட வேண்டும்.

வாளிக்கு முன்னால் நிற்பவர்

நாலடித் தொட்டிகளையே ஆயிரக்கணக்கில் வரிசையாக ஒரே வளாகத்தில் வைத்து மாநகரம் முழுவதற்கும் உரம் தயாரிக்கலாமே என்று கேட்கலாம். சூடும் காற்றும் அதற்குத் தடை சொல்லாது. தடை வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு தெருவின் காலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் வாளியை வாங்கிக் கவிழ்க்கிறார். தோலுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ பளபளக்கிறது.

“சார், பால் கவர் கிடக்கு பாருங்க.”

“நான் போடலைம்மா. பசங்க போட்டிருப்பாங்க.”

“பசங்ககிட்ட சொல்லி வைங்க சார். நாளைக்கு நான்தான் கையை விட்டு எடுக்கணும்.”

அந்த வீட்டு வாளியில் மறுநாள் பால் கவர் இருக்க வாய்ப்பு குறைவு. எந்த வீட்டு வாளி என்பது இருவருக்கும் தெரியும் என்பதே காரணம்.

ஒவ்வொரு வீடும் மாதத்துக்கு ஒரே ஒரு முறை தவறாகப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு வீட்டுத் தெருவில் நாளைக்கு மூன்று தவறு, கையாலேயே பொறுக்கிவிடலாம். பத்து லட்சம் வீடுகள் உள்ள மாநகரில் அதே ஒழுக்கத்துக்கு நாளைக்கு 33,000 தவறு. அவை லாரியின் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கிக் கலந்து, யாருடையது என்று தெரியாமல் வந்து இறங்கும். பேட்டரி, டியூப்லைட் துண்டு, பெயின்ட் டப்பா எல்லாம் அதில் சேர்த்தி. மட்க மட்கக் குப்பையின் எடை பாதியாகக் குறையும். ஈயமும் காட்மியமும் எங்கும் போகாது. எடை பாதியானால் அவற்றின் செறிவு இரட்டிப்பாகும். நகர்ப்புற உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமையும் காட்மியம் 5 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை. கலந்த குப்பையிலிருந்து அந்த வரம்புக்குள் நிற்பது பெரும்பாடு. 1970களில் இந்தியப் பெருநகரங்களில் கட்டப்பட்ட இயந்திர உர ஆலைகள் பலவும் மூடப்பட்டதில் கலப்புக் குப்பைக்குப் பெரும் பங்கு உண்டு.

2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் குப்பையை உண்டாகும் இடத்திலேயே பிரிக்கச் சொன்னதும், நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் குடியிருப்புகள், ஓட்டல்கள், மண்டபங்களைத் தனியாகப் பெயரிட்டு மக்கும் குப்பையை இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே கையாளச் சொன்னதும் இந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

தெருவுக்கு எத்தனை தொட்டி வேண்டும்? நூறு வீடு, வீட்டுக்கு அரைக் கிலோ, ஆக நாளைக்கு 50 கிலோ. குவியல் இறங்கிக்கொண்டே வருவதால் ஒரு தொட்டி நிறைய மூன்று நான்கு வாரமாகும். நிறைந்தது 90 நாள் கிடக்க வேண்டும். நான்கைந்து தொட்டி இருந்தால் சுழற்சி நிற்காது. இரண்டு கார் நிறுத்தும் இடம் போதும். ஆனால் அன்றாடம் அடுக்கு போட, சருகு சேர்க்க, கம்பியைச் செருகி எடுத்துச் சூடு பார்க்க ஓர் ஆள் வேண்டும். குவியலின் நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் விட்டு உருவினால், முனையைப் பிடிக்க முடியாமல் கை சுட வேண்டும். பிடித்துக்கொண்டே நிற்க முடிந்தால் ஏதோ குறைகிறது. இந்தப் பார்வையும் பக்குவமும் ஒரு வேலை. ஏற்கெனவே தெருவைக் கூட்டும் ஒப்பந்தப் பணியாளரின் தலையில் சம்பளமில்லாமல் இதையும் ஏற்றினால் தொட்டி மூன்று மாதத்தில் குப்பைத்தொட்டியாகிவிடும். கையுறையும் கூலியும் குவியலுக்குச் சருகு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம்.

எருவின் விலை

பல இடங்களில் இந்த முயற்சி கடைசியில் தடுக்கி விழுவது வரவு செலவுக் கணக்கில். “எரு விற்றுச் செலவை எடுத்துவிடலாம்” என்று தொடங்குவார்கள். நல்ல மட்கு எருவில் நைட்ரஜன் நூற்றுக்கு ஒன்றுதான் இருக்கும். ஒரு டன் எருவில் 10 கிலோ. யூரியாவில் அது நூற்றுக்கு 46. அதாவது ஒரு டன் எருவின் நைட்ரஜன், அரை மூட்டை யூரியாவில் அடங்கிவிடும். மண்ணை இளக்குவது, நீரைப் பிடித்து வைப்பது, மண்ணுயிர்களுக்குத் தீனி போடுவது என்று எரு செய்யும் வேலைகளை யூரியாவால் செய்ய முடியாது. ஆனால் சந்தை அதற்கெல்லாம் பெரிய விலை கொடுப்பதில்லை. வாங்க ஆளில்லாமல் மூட்டை தேங்கியதும், “திட்டம் தோல்வி” என்று எழுதி மூடிவிடுகிறார்கள்.

கணக்கைத் தவறான பக்கத்திலிருந்து பார்ப்பதால் வரும் வினை இது. நூறு வீட்டுத் தெரு நாளைக்கு 50 கிலோ என்றால் ஆண்டுக்கு 18 டன்னுக்கு மேல். அதில் முக்கால் பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை லாரியில் ஏற்றி, டீசல் எரித்து, இருபது முப்பது கிலோமீட்டர் தாண்டிக் கொட்டி, அங்கே அதற்கு நிலம் ஒதுக்கி, பிறகு அதே மேட்டை அகழ்ந்து பிரிக்க டெண்டர் விட்டு, இடையில் தீப்பிடித்தால் அணைத்து, இவ்வளவுக்கும் நம் வரிப்பணம் போகிறது. தெருமுனைத் தொட்டியில் அதே தண்ணீரை நுண்ணுயிர்களின் சூடே ஆவியாக்கி அனுப்பிவிடுகிறது. வரவு எழுத வேண்டியது அங்கே. கிடைக்கும் எருவைத் தெருவின் பூங்காவுக்கும் மாடித் தோட்டங்களுக்கும் சும்மாவே கொடுத்துவிடலாம்.

கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை மட்டும் பாக்கி. ஒரு தட்டில் எருவைப் பரப்பி ஈரமாக்கி, ஒரு பிடி வெந்தயத்தைத் தூவுங்கள். பக்கத்திலேயே சாதாரணத் தோட்டமண்ணில் இன்னொரு பிடி. எருத்தட்டில் முளைப்பது சுணங்கினாலோ, முளைத்தது கருகினாலோ அம்மோனியாவும் அமிலங்களும் இன்னும் அடங்கவில்லை. இரண்டு வாரம் பொறுங்கள். இரண்டு தட்டும் சமமாக முளைத்தால் அந்தத் தொட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி அடியில் அரையடிச் சாணம் போடலாம்.